அயலவர் துயர் துடைக்கும் அடியாரே வீரர்

உலகெங்கும் நிறைந்து நிற்கும் சிவபரம்பொருளை வழிபடும் அடியவர்க்குத் திருநீறு அணியாகும். திருவைந்தெழுத்துத் துணையாகும். தொண்டு ஆயுதமாகும். அணியும் துணையும் நம் எல்லோரிடத்திலும் இருக்கின்றன. ஆயுதந்தான் பல வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றது. ஆண்டுதோறும் கொடியேறித் தேரோடித் தீர்த்தமாடி முடிந்த பின்னர், அந்த ஆயுதத்தைக் கையிலெடுத்தவர் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வீரன் யார் என்று இன்றைய சிறுவனிடம் கேட்டால், திரைப்படத்திலே தனியொருவனாக நின்று பத்துப் பேரை வீழ்த்துபவனைக் காட்டுவான். பெரியவர்களைக் கேட்டால் வாளேந்திய மன்னர்களைச் சொல்வார்கள். சைவ சமயம் காட்டும் வீரர்கள் வேறு வகையினர். 12 ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணத்தைப் பாடிய சேக்கிழார் பெருமான், அடியார்களுடைய வீரம் தம்மாற் சொல்லி முடிக்கத்தக்கதன்று என்று வியந்து நிற்கின்றார். அவர் போற்றிய 63 தனியடியார்களுள் அரசரும் படைத்தலைவரும் உண்டு. ஆயினும் மண்பாண்டம் வனைந்தவரும், வலை வீசியவரும், ஆடை நெய்தவரும், எண்ணெய் விற்றவரும், துணி வெளுத்தவரும் அதே வரிசையிலே அதே உயரத்தில் நிற்கின்றார்கள். இவர்கள் செய்த வீரச்செயல் யாது? தமக்குத் தெரிந்த தொழிலை, தம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவர்க்காக, நாள்தோறும் தவறாமற் செய்தார்கள். அதற்கு இடையூறு வந்தபோதும் கைவிடாது நின்றார்கள். அதுவே வீரம்.

கண்ணில்லாதவர் தோண்டிய குளம்

திருவாரூரிலே தண்டியடிகள் என்று ஓர் அடியார் இருந்தார். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். திருக்கோயிலின் மேற்குப் பக்கத்திலிருந்த திருக்குளம் இடம் குறைந்து தூர்ந்து போயிற்று. ஊரிலே கண்ணுள்ளவர்கள் பலர் இருந்தார்கள். குளத்தின் நிலையை எல்லோரும் நாள்தோறும் கண்டார்கள். கண்டவர்கள் போய்விட, காணாதவர் மண்வெட்டி எடுத்தார்.

எப்படித் தோண்டினார் என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம். குளத்தின் உள்ளே ஒரு தறியை நட்டார். கரையிலே இன்னொரு தறியை நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். குழியில் மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். மறுபடியும் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கினார். ஒரு கூடை, பின்னும் ஒரு கூடை. இதனைப் பார்த்தவர்கள் எள்ளி நகையாடினார்கள். அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்தார்கள். நட்டிருந்த தறிகளையும் பிடுங்கி எறிந்தார்கள். இறைவன் திருவருளால் அவர் பார்வை பெற்றார் என்பது வரலாற்றின் முடிவு. ஆனால் பார்வை கிடைக்கும் முன்னரே அவர் அடியாராகிவிட்டார். முதற் கூடை மண்ணைக் கரையிற் கொட்டிய அன்றைக்கே ஆகிவிட்டார்.

“எனக்கு வசதியில்லை, வயது போய்விட்டது, உடம்பு ஏலாது, பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்” என்று நாம் சொல்லும் காரணங்கள் அத்தனைக்கும் தண்டியடிகள் கட்டிய கயிறு விடை சொல்கின்றது.

தம் பெயரை எழுதாதவர்

திங்களூரிலே வாழ்ந்த அப்பூதியடிகளின் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. ஆனால் அதிலே அரவந் தீண்டிய மகன் உயிர்பெற்ற பகுதியை மட்டும் சொல்லி முடித்துவிடுகின்றோம். அதற்கு முன்னர் உள்ளதையும் சற்று நின்று பார்க்க வேண்டும். திருநாவுக்கரசு நாயனாரை அப்பூதியடிகள் நேரிற் கண்டதில்லை. கேள்வியினாலேயே அன்பு கொண்டு, தாம் அமைத்த சாலைக்கும் குளத்துக்கும் சோலைக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் அவர் பெயரையே வைத்தார். பெற்ற பிள்ளைகளுக்கும் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார்.

நாவுக்கரசர் அவ்வழியே வந்தபோது, நிழலும் குளிர்ச்சியும் பொருந்திய தண்ணீர்ப்பந்தலைக் கண்டார்; அதிலே தம்முடைய பெயர் எழுதியிருக்கவுங் கண்டார். அப்பூதியடிகளிடஞ் சென்று, “உம்முடைய பேரை எழுதாமல் வேறொரு பேரை எழுதியது என்ன காரணம்?” என்ற கருத்துப்பட வினவினார். அப்பூதியாருக்குக் கோபமே வந்துவிட்டது. தம் பெயரை அங்கே எழுதலாம் என்ற நினைவே அவருக்கு எழுந்ததில்லை.

இன்று ஒரு மின்விசிறி கொடுத்தால் அதன் மூன்று இறகிலும் பெயர் எழுதும் வழக்கம் வந்துவிட்டது. பொதி கொடுக்கும்போது, வாங்குபவரின் முகம் தெரியும்படி படம் எடுக்கின்றார்கள். வறுமை ஒருவரைச் சுடுவது ஒரு முறை. அந்தப் படம் சுடுவது பல முறை. ஈகையிலே வாங்குபவரின் மானமும் ஒரு பொருளாகக் காக்கப்பட வேண்டும். அப்பூதியடிகளின் பந்தலிலே தண்ணீர் குடித்த வழிப்போக்கர் எவரும் தலைகுனிந்து குடித்ததில்லை.

ஒரு கந்தைத் துணி

காஞ்சிபுரத்தில் வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்ட நாயனார் துணி வெளுப்பவர். அடியார்களின் குறிப்பறிந்து அவர்களுடைய ஆடையை வெளுத்துக் கொடுப்பதே அவர் ஏற்றுக்கொண்ட பணி. குளிர்காலத்தில் ஒரு நாள், மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாக ஒரு முதியவர் வந்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு கந்தைதான். பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக நாயனார் வாக்குக் கொடுத்தார். பெருமழை பிடித்துக்கொண்டது. மழை விடவில்லை, மாலையும் வந்துவிட்டது. குளிரால் நடுங்கும் ஒரு முதியவருக்குக் கொடுத்த வாக்குத் தவறிவிட்டதே என்று, துணி துவைக்கும் கல்லிலே தம் தலையை மோதப் போனார். இறைவனுடைய கை தோன்றித் தடுத்தது. வந்த முதியவர் அவனே.

தலையை மோதுவது நமக்குச் சொல்லப்பட்ட பாடமன்று. ஓர் ஏழை முதியவருக்குக் கொடுத்த சிறிய வாக்கை அவர் எவ்வளவு பெரிதாக எண்ணினார் என்பதே பாடம். “நாளைக்கு வந்து மருந்து வாங்கித் தருகிறேன், ஆச்சி” என்று சொல்லிவிட்டு மறந்துபோகும் நாம், அந்தக் கந்தைத் துணியை நினைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அது பல வேலைகளுள் ஒரு வேலை. படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆச்சிக்கு அன்றைய நாள் முழுவதும் அதுதான்.

வாசியில்லாத காசு

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது, சம்பந்தரும் நாவுக்கரசரும் தத்தம் திருமடங்களில் அடியார்களுக்கு அமுதளித்தார்கள். அதற்காக இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினான். நாவுக்கரசர் பெற்றது வாசியில்லாத நற்காசு. சம்பந்தர் பெற்ற காசுக்கோ கடையிலே வட்டம் கழிக்க வேண்டியிருந்தது. அதனால் சம்பந்தரின் மடத்தில் அமுது சமைக்கத் தாமதமாயிற்று. சம்பந்தர் பதிகம் பாடிய பின்னரே அவருக்கும் நற்காசு கிடைத்தது.

ஞானப்பால் உண்டவருக்குக் குறையுள்ள காசும் மற்றவருக்கு நற்காசும் கிடைத்தது ஏன்? நாவுக்கரசர் உழவாரப்படையைத் தாங்கிக் கையினால் தொண்டு செய்தவர் என்பதே சேக்கிழார் தரும் காரணம். இருவரும் சமயகுரவர். இருவருக்கும் இடையில் ஏற்றத்தாழ்வு சொல்வது நம் நோக்கமன்று. கையால் செய்யும் தொண்டுக்கு இறைவன் சந்நிதியிலே தனி மதிப்பு உண்டு என்பதை நமக்குக் காட்டவே அவன் அத்திருவிளையாடலை நிகழ்த்தினான். பணம் கொடுப்பது நன்று. கையும் காலும் கொடுப்பது அதனினும் நன்று.

நம் மண்ணில் நடந்தவை

இவையெல்லாம் சோழநாட்டிலும் தொண்டைநாட்டிலும் என்றோ நடந்தவை என்று எண்ணிவிடலாகாது. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளின் ஓரத்தில் இன்றும் சில இடங்களிலே சுமைதாங்கிகள் நிற்கின்றன. தலைச்சுமையோடு நடந்து வந்தவர், மற்றொருவரின் உதவியை எதிர்பாராமலே சுமையை இறக்கி வைத்து மறுபடியும் தூக்கிக்கொள்ளும் உயரத்தில் அவற்றைக் கட்டினார்கள். மாடுகள் உடலை உராய்ஞ்சித் தினவு தீர்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கற்களை நட்டார்கள். அவற்றின் அருகே கேணியும் மடமும் அமைத்தார்கள். பருத்தித்துறையில் உள்ள தெருமூடிமடம், வழிநடப்போர் வெயிலுக்கு ஒதுங்குவதற்காகத் தெருவையே மூடிக் கட்டப்பட்டது. வாய்பேசா மாட்டின் தினவையும் தன் துன்பமாக நினைத்தவர்களின் வழியிலே வந்தவர்கள் நாம்.

நல்லூரிலே 1822 இல் அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர், பெரியபுராணத்தைப் பாமரரும் படிக்கும்படி வசனமாக எழுதி 1852 இல் அச்சிட்டார். அதன்பின் 25 ஆண்டுகள் கழிந்து, 1877 இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் பேதி நோயும் வாட்டின. அப்போது நாவலர் செல்வர்களிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். நாவன்மை மிக்க அப்பெருமகனார் பசித்தவர்க்குப் பிரசங்கத்தை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை, கஞ்சியைக் கொடுத்தார். புராணத்தை அச்சிட்ட கைதான் தொட்டியையும் வைத்தது. அதற்கு இரண்டாண்டுகளின் பின், 1879 இல் அவர் சிவபதமடைந்தார்.

தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவராய் விளங்கிய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008) ஆசிரியர், சிறந்த பிரசங்கியார். கோயிலை வளர்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தையும் வளர்த்தார். அம்பாளின் சந்நிதிக்குப் பக்கத்திலே பிள்ளைகள் உண்டு உறங்கிப் படித்தார்கள். கோயில் என்பது கருங்கல்லோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு இது கண்கண்ட சான்று.

பேர் தெரிந்தவர்கள் இவர்கள். பேர் தெரியாத வீரர்களோ எண்ணிறந்தோர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையிலே நாவற்குழி, கைதடி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அன்று தென்மராட்சியில் எத்தனையோ வீடுகள் முன்பின் அறியாதவர்களுக்குக் கதவைத் திறந்தன. தங்கள் குடும்பத்துக்கு வைத்த உலையிலே இன்னொரு சுண்டு அரிசியைப் போட்ட தாய்மாரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கி இலங்கையில் 30,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. அன்றும் கோயில் மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் தங்கியவர்களுக்கு முதல் உணவைக் கொண்டு சென்றவர்களில் அயற்கிராமத்தவர் பலர். சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை. 2022 இல் எரிவாயுவும் எரிபொருளும் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது, அயல்வீட்டுக்கும் சேர்த்து விறகடுப்பில் சமைத்தவர்கள் இருந்தார்கள்.

இப்போது நம் முன் நிற்கும் கேள்வி

பேரிடர் வந்தபோது வீரராய் எழுந்த நாம், சாதாரண நாட்களில் ஏன் உறங்கிவிடுகின்றோம்? இதுவே ஒவ்வொரு கிராமத்து அடியாரும் சிந்திக்க வேண்டிய கேள்வி.

நம் கிராமங்களின் இன்றைய நிலையைப் பாருங்கள். பிள்ளைகள் கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் இருக்கின்றார்கள். வீட்டிலே முதியவர் தனித்திருக்கின்றார். பணத்துக்குக் குறைவில்லை. இரவிலே நெஞ்சு நோ வந்தால் கூப்பிட ஆளில்லை. இன்னொரு வீட்டிலே கணவனை இழந்த தாய், நுண்கடன் வட்டிக்கு வாரந்தோறும் பணம் கட்ட வழியின்றித் தவிக்கின்றாள். மானத்துக்கு அஞ்சி ஒருவரிடமும் சொல்வதில்லை. மற்றொரு வீட்டிலே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மாலை வகுப்புக்குப் போய்வரச் சைக்கிள் இல்லாமல் படிப்பை விடும் நிலையில் இருக்கின்றது. பிறிதோர் இடத்திலே போதைப்பொருளுக்கு அடிமையாகும் இளைஞனைத் தூற்றுவதற்குப் பலர் உண்டு. பக்கத்தில் இருத்திக் கதைப்பதற்கு ஒருவருமில்லை.

திருவிழாக் காலத்திலே ஆயிரம் பேருக்கு அன்னதானம் நடக்கின்றது. மிகப் பெரிய புண்ணியம். ஆனால் வெளிவீதியிலிருந்து நாலு வீடு தள்ளி, நடக்க முடியாமல் கிடக்கும் ஒருவருக்கு அந்த அன்னத்தில் ஒரு பிடி போய்ச் சேர்ந்ததா? மண்டபத்துக்கு வந்தவருக்கு இரண்டாம் முறை பாயசம் கிடைத்தது. வர முடியாதவருக்கு முதல் முறைச் சோறும் கிடைக்கவில்லை. கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் மண்டபத்துக்குத் தரையோடு பதிக்கவும் கணக்குப் பார்க்கும் பரிபாலன சபைகள், இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். தருமகர்த்தா என்ற சொல்லிலே முதலில் நிற்பது தருமம்.

திருமூல நாயனார் இதனை என்றோ உணர்த்தியிருக்கின்றார். படமாடும் கோயிலிலுள்ள இறைவனுக்கு ஒன்றைக் கொடுத்தால், அது நடமாடும் கோயிலாகிய மனிதருக்குப் போய்ச் சேராது. நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தாலோ அது இறைவனையும் சென்றடையும் என்பது அவர் கருத்து. திருக்கோயிற் பணி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. இரண்டும் ஒரே இறைவனுக்குச் செய்யும் பூசை என்பதே பொருள்.

“எங்களுக்கே கஷ்டம், இதில் மற்றவர்க்கு எங்கே உதவுவது?” என்று கேட்பவர் உண்டு. இளையான்குடி மாறனார் வீட்டிலும் அன்று அரிசி இல்லை. நள்ளிரவு, மழை, பட்டினி. வந்த அடியாருக்காக, பகலில் விதைத்த நெல்லை இருளிலே வாரி வந்தார். விறகு இல்லாமற் போகவே வீட்டுக் கூரையின் மரத்தை வெட்டினார். கறிக்குக் குழியிலிருந்த கீரையைப் பறித்தார். அவருடைய மனைவியார் அதனையே பலவகைக் கறிகளாக ஆக்கினார். நாம் கூரையை வெட்ட வேண்டியதில்லை. முளைக்கும் விதையை வார வேண்டியதுமில்லை. நம்மிடம் உள்ள ஒரு மணி நேரம், ஒரு சைக்கிள், ஒரு தொலைபேசி போதும்.

நாளை தொடங்கக்கூடிய தொண்டுகள்

ஒவ்வொரு குடும்பமும் தனித்திருக்கும் ஒரு முதியவரைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளலாம். காலையில் படலையடியிலே நின்று, “அம்மா, எழும்பிட்டியளோ?” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பதில் வராத நாளிலே அந்தக் குரல் ஓர் உயிரைக் காக்கும்.

முச்சக்கரவண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் முறை வைத்து, இரவிலே நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல முன்வரலாம். உடல்நலமுள்ள 18 வயதுக்கு மேற்பட்டோர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம். பிறந்தநாளுக்கு அருச்சனை செய்யும் கையோடு அதனையும் ஒரு நேர்த்தியாகக் கொள்ளலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாசிகசாலையிலே மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். அலுவலக நடைமுறை தெரிந்தவர்கள், படிவம் நிரப்பத் தெரியாது தடுமாறும் ஏழைகளுக்கு ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கலாம். பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் அலைய வேண்டியவரை ஒரு தரத்தில் திருப்பி அனுப்பும் அந்தப் பேனாவும் உழவாரப்படைதான். மழைக்காலத்திலே நுளம்பு பெருகும் சிரட்டையையும் தகரத்தையும் நம் வளவில் மட்டுமன்றி, ஆளில்லாத பக்கத்து வளவிலும் அகற்றினால் ஒரு குழந்தையை டெங்குக் காய்ச்சலிலிருந்து காத்தவராவோம்.

இவற்றைச் செய்யும்போது மூன்று விரதங்களைக் கைக்கொள்ள வேண்டும். உதவி பெறுபவரின் பெயரைச் சந்தியிலே சொல்லாதிருத்தல் ஒன்று. சொன்ன நேரத்துக்குச் செல்லுதல் ஒன்று. நன்றி வராவிட்டாலும் மனங்கோணாதிருத்தல் ஒன்று. மூன்றாவது விரதமே மிகக் கடினமானது. குறைசொல்லுவோர் வருவர்; “இவருக்கு இதில் என்ன லாபம்?” என்பர். தண்டியடிகளின் தறியைப் பிடுங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றார்கள். தறியை மறுபடியும் நட வேண்டியதுதான்.

அன்பார்ந்த அடியார்களே, தண்டியடிகள் நட்ட தறிகள் இரண்டு. ஒன்று கரையிலே, மற்றையது குழியிலே. நாமும் இரண்டு தறிகளை நடுவோம். ஒன்று எம்பெருமானின் திருச்சந்நிதியிலே நிற்கட்டும். மற்றையது துன்பப்படும் ஓர் அயலவரின் படலையடியிலே நிற்கட்டும். இரண்டுக்கும் இடையே அன்பாகிய கயிற்றைக் கட்டி நாள்தோறும் போய்வருவோம். சந்நிதியில் மட்டும் நின்றுவிட்டால் குளம் தூர்ந்தபடியே கிடக்கும். சந்நிதியை மறந்தால் கயிறு தளர்ந்துவிடும். போவதும் வருவதுமாக ஒவ்வொரு கூடையாகச் சுமப்பவரே வீரர், அவரே அடியார். அவர் கண் திறக்கும் நாளை இறைவன் பார்த்துக்கொள்வான்.

இவ்வாண்டு மகோற்சவத்தைக் கண்டு தொழுத அனைவர்க்கும் அத்தகைய தொண்டுள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் தந்தருள்வானாக.

சிவசிவ.